கலிவரை எழுதிய ஸ்விஃப்ட் பாதிரியாராக இருந்தது வயிற்றுப்பாட்டுக்கா?

ஒரு வாசகர் கேட்டது:
"கலிவரின் பயணங்கள் எழுதிய ஜொனாதன் ஸ்விஃப்ட், டப்ளினில் புனித பேட்ரிக் பேராலயத்தின் டீனாக (தலைமைப் பாதிரியாராக) 1713 முதல் சாகும்வரை இருந்தார் என்பது இப்போதுதான் தெரிந்தது. மதத்தை அந்தக் கிழி கிழித்தவர் ஞாயிற்றுக்கிழமை அங்கி மாட்டிக்கொண்டு மேடையேறி என்னதான் பேசியிருப்பார்? சம்பளத்துக்கு வேஷம் போட்டார் என்றுதான் படுகிறது. அவர் பிரசங்கங்களை யாராவது படித்திருக்கிறீர்களா?"

ஜூன் 2, காலை

படித்திருக்கிறேன். மொத்தமே பதினொன்று, பன்னிரண்டுதான் மிஞ்சியிருக்கின்றன, அதிலும் ஒன்று அவருடையதுதானா என்று சண்டை. வறட்டுப் பிரசங்கங்கள். கலிவரின் ஆசாமியைத் தேடிப் போனால் ஏமாந்துபோவீர்கள். கடமை, மனசாட்சி, ஏழையின் திருப்தி, கீழ்ப்படிதல், அவ்வளவுதான். வேஷம் என்று சொல்லமாட்டேன், ஆனால் மேடையில் ஏறியதும் ஆள் மாறிவிடுகிறார்.

ஜூன் 2, இரவு

காலையில் எழுதியதைப் பாதி வாபஸ் வாங்குகிறேன். அலுவலகம் போகும் அவசரத்தில் ஞாபகத்தை நம்பி எழுதிவிட்டேன். இப்போது சாப்பிட்டுவிட்டு உட்கார்ந்து ஒன்றை மறுபடி படித்தேன், 'கோயிலில் தூங்குவது பற்றி' என்கிற பிரசங்கம். வறட்சியா? நான் எந்தப் புத்தகத்தைப் படித்துவிட்டு அப்படி எழுதினேனோ.

ஆதாரவசனம் அப்போஸ்தலர் 20:9. பவுல் நடுராத்திரி வரை பேசிக்கொண்டே போகிறார், ஐத்திகு என்கிற வாலிபன் ஜன்னலில் உட்கார்ந்தபடி தூங்கி "மூன்றாம் மெத்தையிலிருந்து கீழே விழுந்து, மரித்தவனாய் எடுக்கப்பட்டான்." சின்ன வயதில் இந்த மெத்தை எனக்குப் பெரிய குழப்பம். மூன்று மெத்தை அடுக்கிப்போட்டு அதன்மேல் படுத்திருந்தவன் உருண்டு விழுந்ததற்கெல்லாமா சாவான் என்று தாத்தாவிடம் கேட்டேன். தாத்தா உபதேசியார். "லே, மெத்தைன்னா மாடி, மெத்தை வீடு கேள்விப்பட்டதில்லையா" என்றார். அதற்கப்புறமும் அந்த வசனம் வரும்போதெல்லாம் எனக்கு இலவம்பஞ்சு மெத்தைதான் தெரிகிறது.

சரி, ஸ்விஃப்ட். எடுத்த எடுப்பில் சபையைப் பார்த்து அவர் சொல்வது ஏறக்குறைய இது: உங்களில் சிலருடைய அரைமணி நேரத் தூக்கத்தைக் கெடுக்க முடியுமா பார்ப்போம் என்றுதான் இந்த வசனத்தை எடுத்தேன், இந்த நேரத்துத் தூக்கத்துக்கு இந்த இடம் ரொம்பப் பேர்போனது. அடுத்து இன்னும் மோசம். இந்த வாலிபனுக்கு நேர்ந்த கதியைப் பார்த்தும் அவன் வாரிசுகள் யாரும் திருந்தவில்லை, இந்தக் காலத்துப் பிரசங்கிகள் ஆளைத் தூங்கவைப்பதில் பவுலை மிஞ்சினாலும் அற்புதம் செய்வதில் அவர் கால்தூசிக்கு ஆகமாட்டார்கள், அதனால் ஜனங்கள் உஷாராகி விழாத இடமாகப் பார்த்து உட்கார்ந்து தூங்குகிறார்கள் என்கிறார். பவுல் அந்தப் பையனை உயிரோடு எழுப்பினார் இல்லையா, அதைப் பிடித்துக்கொண்டு இந்தக் கிண்டல்.

இது அச்சில் வாசகருக்கு எழுதியதல்ல. மேடையில் நின்று, எதிரே கொட்டாவி விடுகிறவர்களின் முகத்தைப் பார்த்துச் சொன்னது.

ஜூன் 3

"அப்புறம் ஏன் வறட்சி என்றீர்கள்" என்று கேட்டிருக்கிறார்கள். முதல் சில பத்திகளோடு சிரிப்பு நின்றுவிடுகிறது, அதனால்தான். பிறகு வக்கீல் மாதிரி வரிசை கட்டுகிறார். யாருக்குப் பிரசங்கம் அதிகம் தேவையோ அவன்தான் வரமாட்டான், வாரம் முழுக்கக் குடித்த மப்பு இறங்க வீட்டில் கிடப்பான். வருகிறவனில் ஒருவன் பக்கத்தில் இருப்பவனோடு குசுகுசுப்பான், இன்னொருவன் குறை பிடிக்க வருவான், எல்லாரையும்விட மோசம் தூங்குகிறவன், ஏனென்றால் மற்றவர்களுக்காவது ஒரு சொல் காதில் விழ வாய்ப்புண்டு. பிரசங்கியின் சத்தம் தூரத்தில் கேட்கும் ஒரே சீரான இரைச்சலாகிவிட்டது, தாலாட்ட அதைவிடச் சிறந்தது இல்லை என்று ஒரு வரி. மின்விசிறிச் சத்தம் நின்றால் முழிப்பு வருகிற நமக்கு இது புரியும்.

ஏன் நிறுத்திக்கொண்டார் என்பதற்கு அவரே எழுதிய சாட்சி இருக்கிறது. 1720 வாக்கில் புதிதாகக் குருப்பட்டம் பெற்ற ஓர் இளைஞனுக்கு எழுதுவது போல ஒரு கடிதம் வெளியிட்டார். மேடையில் நகைச்சுவை பண்ணாதே, உன்னிடம் அது இருக்கப் பத்து லட்சத்தில் ஒரு வாய்ப்புதான் என்கிறார். ஜனங்களை அழவைக்கப் பார்க்காதே, திங்கட்கிழமை வரை அது நிற்காது. தாளில் தலையைக் கவிழ்த்துக்கொண்டு படிக்காதே, எழுத்தைப் பெரிதாக எழுதிக்கொள். புரியாத சொல் போடாதே. நாம் சர்வவியாபகம், திவ்விய லட்சணம் என்று அடுக்குவோமே, அதே ரகச் சொற்களை அவர் பட்டியல் போட்டு, இதில் எதுவும் விவசாயிக்கு விளங்காது என்கிறார். "தகுந்த சொல் தகுந்த இடத்தில்" என்று நடைக்கு இலக்கணம் சொன்னதாக எல்லாரும் மேற்கோள் காட்டுவார்களே, அது வருவதும் இந்தக் கடிதத்தில்தான். இலக்கியக்காரர்களுக்குச் சொன்னதல்ல, பிரசங்கம் எழுதத் தெரியாத பையனுக்குச் சொன்னது.

அதில் ஒரு குட்டிக் கதை. ஃபாக்லண்ட் பிரபு ஏதாவது சொல் எல்லாருக்கும் புரியுமா என்று சந்தேகம் வந்தால் மனைவியின் வேலைக்காரியிடம் கேட்பாராம். அதுவும் அலங்காரம் பண்ணிவிடுகிற உயர்தரத் தோழியிடம் இல்லை, அவள் காதல்கதை படித்துக் கெட்டுப்போயிருக்கலாம்.

ஜூன் 3, சற்று நேரம் கழித்து

"ஏழைக்கு இரங்குகிறவன் கர்த்தருக்குக் கடன்கொடுக்கிறான்" என்று வசனத்தைப் படித்துவிட்டு, ஜாமீன் பிடித்திருந்தால் காசைக் கீழே வையுங்கள் என்று ஒரே வரியில் பிரசங்கத்தை முடித்தாராமே என்று ஒருவர் கேட்கிறார். கதை நன்றாகத்தான் இருக்கிறது. மிஞ்சிய பிரசங்கங்களில் அது கிடையாது. இந்த மனிதர் பேரில் ஊரில் இருக்கிற பாதிரியார் ஜோக்குகளையெல்லாம் ஏற்றிவிட்டார்கள். லாரகோர் என்கிற கிராமத்தில் ஆராதனைக்குக் குமாஸ்தா ரோஜர் ஒருவன் மட்டும் வந்திருந்தபோது, "பிரியமான ரோஜரே, வேதம் உன்னையும் என்னையும் ஏவுகிறது" என்று ஜெபப்புத்தகத்தை மாற்றிப் படித்தார் என்பதும் ஸ்விஃப்ட் செத்த பிறகு ஆர்ரரி பிரபு எழுதிய கதை. நான் நம்பத்தான் ஆசைப்படுகிறேன்.

ஜூன் 5

கேள்வி கேட்டவர் "மதத்தைக் கிழித்தவர்" என்று எழுதியது உறுத்திக்கொண்டே இருக்கிறது. 1704-இல் வந்த 'தொட்டிக் கதை' என்கிற அவருடைய நையாண்டிப் புத்தகத்தை வைத்துச் சொல்கிறார் என்று நினைக்கிறேன். அவர் கிழித்தது எதை என்று பாருங்கள்.

அப்பா மூன்று மகன்களுக்கு ஆளுக்கொரு கோட்டு கொடுத்து, ஒரு நூலைக்கூடச் சேர்க்கவோ எடுக்கவோ கூடாது என்று உயில் எழுதிவிட்டுச் சாகிறார். மூத்தவர்களில் பீட்டர் என்றால் ரோமாபுரி, மார்ட்டின் என்றால் லூத்தர் வழி, ஜாக் என்றால் கால்வின் வழி. ஊரில் தோளில் குஞ்சம் வைப்பது பேஷனாகிறது. உயிலில் குஞ்சம் என்ற வார்த்தையே இல்லை. சரி, அசை அசையாகத் தேடலாம் என்கிறான் ஒருவன். அதுவும் இல்லை. எழுத்து எழுத்தாகத் தேடுவோம் என்கிறான். எல்லா எழுத்தும் கிடைக்கிறது, குஞ்சத்துக்கான ஆங்கிலச் சொல்லில் (knot) வருகிற 'கே' மட்டும் கிடைக்கவில்லை. உடனே, 'கே' பழைய ஏடுகளிலேயே இல்லாத கள்ள எழுத்து, அதற்குப் பதில் 'சி' போட்டால் போதும் என்று தீர்ப்பாகி மூன்று பேரும் குஞ்சம் வைத்துக்கொள்கிறார்கள்.

வசனத்தை வைத்து வித்தை காட்டுகிற எந்தப் பிரசங்கத்தையும் இதற்குப் பிறகு என்னால் பழைய முகத்தோடு கேட்க முடிந்ததில்லை.

அதே புத்தகத்தில் காற்றை வணங்குகிற ஒரு கூட்டம் வருகிறது. பீப்பாய்க்குள் நின்று புனல் வழியாகக் காற்றேற்றிக்கொண்டு ஏப்பமாக வெளியேற்றுவதுதான் அவர்களுக்கு அருள்வாக்கு. காற்றுக்கும் ஆவிக்கும் ஒரே சொல்லாக இருக்கும் மொழிகளை வைத்த சிலேடை இது. தமிழில் இன்னும் தோதாக விழுகிறது, பரிசுத்தமும் ஆவிதான், இட்லிப் பானையில் வருவதும் ஆவிதான். கூடவே அச்சான இன்னொரு கட்டுரையில் தூய்மைவாதப் பிரசங்கிகள் மூக்கால் முனகுவதையே அருள் இறங்கும் இயந்திரமாக விவரிக்கிறார்.

இதையெல்லாம் எழுதும்போது அவர் ஏற்கெனவே குருப்பட்டம் வாங்கியவர். ஆன் ராணிக்குப் புத்தகம் பிடிக்கவில்லை, இங்கிலாந்தில் பிஷப் ஆகும் ஆசை அதோடு போயிற்று, டப்ளின் டீன் பதவியோடு நின்றார். வயிற்றுப்பாட்டுக்கு வேஷம் போடுகிறவன் முதலில் செய்யக்கூடாத காரியம் இந்த மாதிரிப் புத்தகம் எழுதுவது.

ஜூன் 6, நள்ளிரவு

தூக்கம் வரவில்லை (ஐத்திகு மன்னிக்க). ஒன்று பிடிபட்டது, காலைக்குள் மறந்துவிடுவேன் என்று எழுதிவைக்கிறேன்.

1708-இல் அவர் எழுதிய 'கிறிஸ்தவத்தை ஒழிப்பதற்கு எதிரான வாதம்' என்பதில் பேசுகிறவர் ஸ்விஃப்ட் இல்லை, நாசூக்கான ஒரு நகரத்துக் கனவான். உண்மையான கிறிஸ்தவத்தை யாரும் கேட்கவில்லை, பேருக்கு இருக்கும் கிறிஸ்தவத்தை மட்டும் விட்டுவைப்போம் என்பது அவர் வாதம். ஒழித்தால் ஆறே மாதத்தில் வங்கிப் பங்கும் கிழக்கிந்தியக் கம்பெனிப் பங்கும் நூற்றுக்கு ஒன்றாவது சரியும் என்று பயமுறுத்துகிறார். (அந்தக் கம்பெனி அப்போது நம் சென்னைக் கோட்டையிலும் உட்கார்ந்து கணக்கெழுதிக்கொண்டிருந்தது.) கோயில் கட்டடங்கள் வீணாகக் கிடக்கின்றன என்கிறவர்களுக்கு அவர் பதில்: எப்படி வீண்? காதலர் சந்திக்க, புதுத்துணி காட்ட, வியாபாரம் பேச இதைவிட நல்ல இடம் ஏது, தூங்குவதற்கு இவ்வளவு வசதி வேறு எங்கே?

கோயிலில் தூங்குகிறவன் பற்றிய அதே பார்வைதான். முகமூடி போட்டுக்கொண்டு சொல்லும்போது பத்திக்குப் பத்தி சிரிக்கலாம். மேடையில் சொந்த முகத்தோடு நின்று சொல்லும்போது ஆரம்பத்தில் நாலு குத்து, அப்புறம் கண்டிப்பு. முகமூடி இருந்தால் எதிர்ப்பக்கத்து ஆள் மாதிரி பேசலாம், மேடையில் அது நடக்காது. டீன் ஒருவர் மேலேறி நின்று "கிறிஸ்தவத்தைப் பேருக்கு வைத்துக்கொள்வோம்" என்றால் முன்வரிசை ஆமென் சொல்லிவிடும்.

நண்பர் டிலேனியிடம் அவரே, என்னால் துண்டுப்பிரசுரத்தைத்தான் பிரசங்கமாகப் பண்ண முடிகிறது, அதற்கு மேல் எழும்பவில்லை என்று குறைபட்டிருக்கிறார்.

ஜூன் 8

துண்டுப்பிரசுரம் என்றதும் ஞாபகம் வந்தது, இதை முதலிலேயே சொல்லியிருக்கவேண்டும். 1722-இல் வில்லியம் வுட் என்கிற இங்கிலாந்து இரும்பு வியாபாரிக்கு அயர்லாந்துக்குச் செப்புக்காசு அடிக்கும் உரிமை, 1,00,800 பவுண்டு மதிப்புக்கு. ராஜாவின் ஆசைநாயகி கெண்டல் சீமாட்டிக்குப் பத்தாயிரம் பவுண்டு கொடுத்து வாங்கிய உரிமை. அயர்லாந்து பாராளுமன்றத்தை ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1724-இல் ஸ்விஃப்ட் ஒரு துணிக்கடைக்காரர் பேரில் கடிதங்கள் எழுதினார். கடைக்காரர் பாஷை, கடைக்காரர் கணக்கு: கொனொலி துரைக்கு வருஷம் 16,000 பவுண்டு குத்தகை வருமானமாம், அரைவருஷப் பணத்தை இந்தக் காசில் பட்டணத்துக்குக் கொண்டுவர இருநூற்றுக்கும் மேல் குதிரை வேண்டுமே!

அதே வருஷம் அதே விஷயம் மேடையில். 'நன்மை செய்தல்', ஆதாரவசனம் கலாத்தியர் 6:10, "ஆகையால் நமக்குக் கிடைக்கும் சமயத்துக்குத்தக்கதாக, யாவருக்கும்... நன்மைசெய்யக்கடவோம்." இங்கே குதிரை எண்ணிக்கை இல்லை. அயலானை நேசி என்பதற்கு மேல் ஊரை நேசி என்று ஒரு படி ஏறுகிறார், ஊருக்குச் செய்யும் கேடு ஒரே நேரத்தில் ஆயிரம் அயலானுக்குச் செய்யும் கேடு. அப்புறம் காசுக்கு வருகிறார். இதை மேடையில் பேசலாமா என்பீர்கள், ஒரு ராஜ்ஜியம் முழுவதையும் ஒரே பெரிய பிச்சைக்கார விடுதியாக்கப் பார்க்கும்போது பேசாமல் எப்படி என்கிறார். பின்னால் ஒரு கடிதத்தில், அந்தப் பிரசங்கத்தை அச்சிட்டால் அது தூக்குப்போடுகிறவன் கையால் கொளுத்தப்படாது என்றோ நான் கைதாகமாட்டேன் என்றோ உத்தரவாதம் தர முடியாது என்று எழுதினார்.

துணிக்கடைக்காரர் கடிதங்களில் நாலாவதை எழுதியது யார் என்று காட்டிக்கொடுத்தால் 300 பவுண்டு என்று அரசு அறிவித்தது. டப்ளினுக்கே தெரியும் யார் என்று. ஒருவர்கூட வாய் திறக்கவில்லை. பதிலுக்கு ஊரில் சுற்றியது 1 சாமுவேல் 14:45. இஸ்ரவேலுக்கு இவ்வளவு பெரிய இரட்சிப்பைச் செய்த யோனத்தான் சாகலாமா, கூடாது என்று ஜனங்கள் சவுலிடம் சொல்கிற இடம். ஜொனாதன் என்கிற பேருக்கு நம் வேதத்தில் எழுத்து யோனத்தான். வசனம் படித்துக் காட்டுவது அவர் தொழில், அந்தத் தடவை சபை அவருக்குப் படித்துக் காட்டிவிட்டது. 1725-இல் காசு வாபஸ்.

ஜூன் 9

எல்லாரும் அவரைத் தூக்கிவைத்து ஆட ஆரம்பித்துவிட்டீர்கள், கொஞ்சம் இறக்குகிறேன்.

'அயர்லாந்தின் கேடுகெட்ட நிலைக்குக் காரணங்கள்' என்கிற பிரசங்கத்தைப் படியுங்கள். முதல் பாதியில் ஆங்கிலேயக் கெடுபிடி, குத்தகையை உறிஞ்சிக்கொண்டு லண்டனில் வாழும் நிலக்காரர்கள், இறக்குமதிப் பட்டில் மினுக்குகிறவர்கள் என்று நியாயமாகப் போகிறது. இரண்டாம் பாதியில் பிச்சைக்காரர்கள். பெரும்பாலோர் தங்கள் சோம்பலாலும் குடியாலும் கெட்டவர்கள், எந்தத் திருச்சபை வட்டத்தைச் சேர்ந்தவர் என்று தெரிய ஒவ்வொரு பிச்சைக்காரருக்கும் உடையில் ஒரு வில்லை தைத்து அடையாளம் போடவேண்டும், வெளியூர்ப் பிச்சைக்காரரை விரட்டவேண்டும். 1737-இல் இந்த வில்லை யோசனையையே தனியாக அச்சிட்டும் போட்டார்.

1729-இல் ஏழைக் குழந்தைகளை ஒரு வயதில் சமைத்துத் தின்னலாமே என்று அந்தக் கொடூரமான 'எளிய யோசனை'யை எழுதிய அதே கை. அதில் பேசுகிற கணக்குப்பிள்ளை ஏழைகளை எண்ணிக்கையாகத்தான் பார்க்கிறான், அதனால்தான் நமக்குக் குலைநடுங்குகிறது. மேடையில் டீன் பேசும்போது அந்தக் கணக்குப்பிள்ளையின் குரல் லேசாக அவர் தொண்டையிலேயே கேட்கிறது. ஆறாம் தேதி முகமூடி, சொந்த முகம் என்று நான் அழகாகப் பிரித்து வைத்தது இங்கே குழம்பிவிட்டது. அவரைவிட அவர் முகமூடிக்குத்தான் ஏழையைப் பற்றி அதிகம் தெரிந்திருக்கிறது போல.

எனக்கு இதில் சொந்தக் கோபம் உண்டு. நான் பத்தாவது படித்தபோது எங்கள் சபையில் ஒரு ஐயர் (பாதிரியாரை அப்படித்தான் சொல்வோம்) இருந்தார், அறுப்பின் பண்டிகைக்குக் குறைவாகக் காணிக்கை கொண்டுவந்த வீடுகளைப் பேர் சொல்லாமல், ஆனால் தெரு சொல்லி, மேடையிலிருந்தே குத்திக்காட்டினார். அந்தத் தெருவில் எங்கள் வீடும். அம்மா முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு கடைசிவரை நிமிரவே இல்லை. ஸ்விஃப்டின் வில்லையைப் படித்தால் அந்த முந்தானைதான் வருகிறது.

ஜூன் 10

நேற்றைய சூட்டில் ஒன்றை விட்டுவிட்டேன். தன் சொந்தப் பணத்தில் 500 பவுண்டு ஒதுக்கி நலிந்த கைத்தொழிலாளிகளுக்கு வட்டியில்லாமல் கடன் கொடுத்தவரும் இவர்தான். சொத்தில் பெரும்பகுதியை மனநோயாளிகளுக்கு ஆஸ்பத்திரி கட்ட எழுதிவைத்தார், 1757-இல் திறந்தது. இதைச் சொன்னால் வில்லை சரியாகிவிடாது. சொல்லாவிட்டால் நான் அந்த ஐயரைப் போல ஆகிவிடுவேன்.

ஜூன் 13

வயிற்றுப்பாடு கேள்விக்குத் திரும்புகிறேன், கேட்டவர் இன்னும் இருக்கிறார் என்றால்.

திரித்துவம் பற்றி ஒரு பிரசங்கம். எப்படி மூன்று ஒன்றாகும் என்று அவர் விளக்கவே இல்லை. இது இரகசியம், வேதம் சொல்கிறது, விளக்கப் போகிறவன்தான் குழப்புகிறான் என்று முடித்துவிடுகிறார். முதலில் படித்தபோது நழுவுகிறார் என்று நினைத்தேன். பிறகு அவர் தனக்காக எழுதிவைத்த மதச் சிந்தனைக் குறிப்புகளைப் படித்தேன். என் மனதில் எழும் சந்தேகங்களுக்குக் கடவுளிடம் நான் பதில் சொல்லவேண்டியதில்லை, அவர் வைத்த அறிவிலிருந்துதான் அவை வருகின்றன, அவற்றைப் பிறரிடமிருந்து மறைத்து, அடக்கப் பாடுபட்டு, என் நடத்தையில் ஏறவிடாமல் பார்த்துக்கொண்டால் போதும் என்று அதில் இருக்கிறது. இன்னொரு குறிப்பில் தன்னை ஒரு காவல்சாவடியில் நிறுத்தப்பட்டவனாகச் சொல்கிறார்.

காவல்காரன் சம்பளம் வாங்குகிறான்தான். இரவில் தனியாக நிற்பதும் அவன்தான். டிலேனி ஒரு விஷயம் எழுதியிருக்கிறார். ஸ்விஃப்ட் வீட்டில் மாதக்கணக்கில் தங்கியும், தினமும் ராத்திரி வேலைக்காரர்களைக் கூட்டி அவர் ஜெபம் நடத்துவது டிலேனிக்கே ரொம்ப நாள் தெரியவில்லையாம், அவ்வளவு ரகசியமாக. வேஷம்தான், ஒப்புக்கொள்கிறேன். ஆனால் தலைகீழ் வேஷம், பக்தி இல்லாததை மறைக்கவில்லை, இருப்பதை மறைத்திருக்கிறார்.

ஜூன் 15, ஞாயிறு

அந்த வேலைக்காரிக் கதையைச் சொன்னேன் இல்லையா. ஸ்விஃப்டும் அச்சுப்படியை வேலைக்காரர்கள் இருவருக்குப் படித்துக்காட்டச் சொல்லி, அவர்களுக்குப் புரியும்வரை திருத்துவார் என்று அவருடைய பதிப்பாளர் ஃபாக்னர் சொல்லியிருக்கிறார். எங்கள் வீட்டில் வேலைக்காரர் யாரும் இல்லை, அம்மாதான் எல்லாம். தூங்குவது பற்றிய பிரசங்கத்தில் இரண்டு பக்கத்தைத் தமிழில் எழுதி, மத்தியானம் கறிக்குழம்பு சாப்பிட்டுவிட்டு அம்மா சாய்ந்திருந்தபோது படித்துக்காட்டினேன். யார் எழுதியது என்று சொல்லவில்லை.

பவுலை மிஞ்சுகிற பிரசங்கிகள் இடத்தில் அம்மா சிரித்தாள். "இது யாரு, நம்ம சேகரத்து ஐயரா?" என்று கேட்டாள். முந்நூறு வருஷத்துக்கு முந்தைய அயர்லாந்துக்காரர் என்றேன். "ம்" என்றாள். மனசாட்சியைப் பற்றிய பகுதிக்கு நான் வந்தபோது பதில் சத்தம் இல்லை. நிமிர்ந்து பார்த்தேன், கண்ணாடி மூக்கு நுனியில் இறங்கியிருந்தது.

எந்த வரியில் தூங்கினாள் என்று தாளில் பென்சிலால் குறித்துவைத்திருக்கிறேன். அந்த வாக்கியத்தில் நான் 'அலட்சியப்படுத்துதலின் விளைவாக' என்று போட்டிருந்தேன். அடித்துவிட்டு "காதில் வாங்காததால்" என்று மாற்றினேன்.